உபகாரச் சம்பளமும் தாலிக் கயிறும்

கல்லூரிக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கம் உதவி செய்ய வேண்டும். கொடுக்குமுன் குடும்ப வருமானத்தைக் கேட்பதும் நியாயமே. ஆனால் குடும்பம் என்பது யார்? தகப்பனா? கணவனா? இதற்கு அமெரிக்கா சொல்லும் பதில் நம் தோழர்கள் யோசிக்கத் தக்கது.

அந்நாட்டின் உயர்கல்விச் சட்டம் 1965ஆம் ஆண்டு பிறந்தது. அதன் கீழ் ஏழை மாணவருக்குக் கிடைக்கும் பெல் மானியம் 2025–26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். பட்டப் படிப்பு மாணவருக்கு 24 வயது ஆகும்வரை பெற்றோரின் வருமானமே கணக்கு. பெற்றோரை இழந்தவர், படையில் பணியாற்றியவர், தம் பிள்ளையைத் தாமே பராமரிப்பவர் போன்ற சிலருக்கே விலக்கு. இன்னொரு விலக்கும் உண்டு. அதுதான் திருமணம்!

இருபது வயதுப் பெண்கள் இருவர் என்று வைத்துக் கொள்வோம். இருவரும் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள். இருவரின் தகப்பன்மாரும் நல்ல சம்பளக்காரர்கள். படிப்புக்கோ ஒரு காசும் தருவதில்லை. மணமானவளுக்குத் தகப்பன் சம்பளம் கணக்கில் வராது. மணமாகாதவளுக்கு வரும். “அப்பா தரமாட்டேன் என்கிறார்” என்று அவள் சொன்னால், அது மட்டும் போதாது என்பதே விதி. நாளை மணமானவள் விவாகரத்துப் பெற்றால், 24 வயதுக்குள் அவளும் மீண்டும் தகப்பன் கணக்கில் சேர்வாள்.

அப்படியானால் கல்யாணம் லாபமா? அதுவும் இல்லை. மனுவில் கையெழுத்திடும் நாளில் மணமாகியிருந்தால் கணவன் வருமானம் சேர்ந்துவிடும். அதுவும் பழைய வருமானம். 2026–27க்கு மனுச் செய்பவள் காட்ட வேண்டியது 2024ஆம் ஆண்டுக் கணக்கு. அன்று அவன் யாரோ, இவள் யாரோ! ஆனாலும் அவன் சம்பளம் அவள் தலையில்.

ஏட்டில் இருக்கும் சம்பளம் வேறு, கைக்கு வரும் காசு வேறு என்பதைப் பால்மரம் வெட்டும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்ணின் உழைப்பைக் குடும்பக் கணக்கில் கரைத்து, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று தோட்டங்கள் கொடுத்த காலமும் நமக்குத் தெரியும். படிக்கும் பெண்ணைத் தகப்பன் கணக்கிலிருந்து கணவன் கணக்குக்கு மாற்றி எழுதுவதும் அதே பழைய புத்திதான். உண்மையில் யார் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்ப்பதே நீதி என்பது நமது கருத்து.

நம் நாட்டிலும் 1997இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் நிதி, குடும்ப வருமானத்தைப் பார்த்தே கடன் தொகையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிக்கும் மகளுக்கு நல்ல வரன் வந்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். பிறகு உதவி தரும் நிதியை எழுத்து மூலம் கேளுங்கள்: மணம் முடித்தால் உதவி தொடருமா? யாருடைய சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும்? நிதிக்கு நிதி விதி மாறும். பக்கத்து வீட்டார் சொல்லை நம்பிப் பயனில்லை.

மனு எழுதத் தெரிந்த கிராணிமார்களே, இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் சங்கத் தொண்டே. தாலி ஏறியதால் ஒரு பெண்ணின் புத்தகம் மூடப்படக் கூடாது. புத்தகம் திறப்பதற்காகத் தாலி ஏறவும் கூடாது!