வாடகை கொடுப்பவனுக்கு வரலாறு கிடையாதா?



பம்பாய்க்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்லி அனுப்புகிறார்கள். உண்மைதான். ஆனால் பிழைக்க விடுவதற்கு முன் இந்த நகரம் கேட்கும் விலை என்ன, அதை வாங்கிக்கொள்வது யார் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

உச்ச நீதிமன்றத்தின் ஏட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. சேலத்து நிலமற்ற கூலி ஒருவர், வறட்சியில் வேலை இழந்து 1961இல் பம்பாய் வந்தார். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய குடிசைக்குக் குடிசை தாதா ஒருவன் அவரிடம் பறித்தது 2,500 ரூபாய். நூற்றெட்டு நாள் கூலிக்கும் மேல்! யாருடைய இடத்துக்கு? ஊர் நடக்கும் பொது நடைபாதைக்கு! 1981 ஜூலை 23இல் மாநகராட்சி அதையும் இடித்தது. மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு அவரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு அவர் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில்தான் ஒண்டினார். 1985இல் தீர்ப்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கு அது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்பும் அடக்கம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் எழுதினார்கள். அந்த 2,500 ரூபாய் போனது போனதுதான்.

அது பழங்கதையா? லேபர் கேம்ப் சந்துகளில் இரும்பு ஏணி ஏறி மாடி அறையைப் பாருங்கள். புதிதாய் வந்தவன் முதலில் டெபாசிட்டை எண்ணி வைக்க வேண்டும். பிறகு மாத வாடகை. கரண்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதே மீட்டர். குழாய் உள்ளவனுக்கு மாநகராட்சி விலை, இல்லாதவனுக்குக் குடத்து விலை. மூட்டையாய் அரிசி வாங்க முதல் இல்லாதவன் கிலோ கிலோவாய்க் கூடுதல் கொடுத்து வாங்குகிறான். காசில்லாதவனுக்குத்தான் இங்கே எல்லாமே விலை அதிகம்!

வடநாட்டு முதலாளி சுரண்டுகிறான் என்று மேடையில் முழங்குகிறோமே, நம் சந்தில் வாடகை வாங்குவது யார்? நாம் 'அண்ணாச்சி' என்று கூப்பிடுகிறவர்கள்தானே! அவர்களோ அவர்கள் தகப்பன்மாரோ சதுப்பில் மண் கொட்டி மேடாக்கியவர்கள். அந்த உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் ரசீது எங்கே, அண்ணாச்சி?

1999ஆம் ஆண்டின் மராட்டிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. தவறினால் மூன்று மாதச் சிறைகூட உண்டு. நம் சந்திலோ வாய்ச்சொல்தான். பதினொன்றாம் மாதம் மூட்டை கட்டச் சொல்கிறார்கள்.

தாராவித் திட்டத்தில் தேதிதான் கடவுள். 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்டினால். மாடியில் இருப்பவருக்கு, 2022 நவம்பர் 15க்கு முந்தியதென்றால், வெளியேதான் - தவணையாய் வாடகை கட்டிச் சொந்தமாக்கும் வழி. வெளியே என்றால்? முலுண்ட், பாண்டூப், காஞ்சூர்மார்க் உப்பளம், தேவ்னார் குப்பைமேடு. அதற்கும் காகிதம் வேண்டும். பத்தாண்டு வாடகை கொடுத்தவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் உண்டா?

"எழுதிக் கொடுத்தால் என் வீடு அவன் பெயருக்குப் போய்விடுமே" என்கிறார்கள். அந்த அச்சம் முழுப் பொய்யல்ல. குடியிருப்பவர் யார் என்பதைத்தான் அதிகாரி முதலில் கேட்கிறார். அதற்காக, மாடியில் குழந்தை குட்டியோடு படுத்திருப்பவனை இல்லாதவனாக்கிவிடுவதா? தரைத்தளம் உங்களுக்கு, மாடிக்கு உரிய வழி அவனுக்கு என்று இருவரும் சேர்ந்து கையெழுத்திட என்ன தடை?

தொடக்கம் நம் வீட்டிலேயே இருக்கட்டும். சங்கப் பொறுப்பில் இருந்துகொண்டு அறை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், வருகிற மாதக் கூட்டத்துக்குத் தாங்கள் கொடுத்த வாடகை ரசீதின் நகலோடு வரட்டும்.