லாஸ்பேட்டையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஆகாய மார்க்கமாக அளந்தால் சென்னை மீனம்பாக்கம் சுமார் 120 கிலோமீட்டர், பெங்களூர் 265, ஹைதராபாத் 600 என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் இவை பூமியின் உருண்டை வடிவத்தை அனுசரித்து இரு நிலையங்களுக்கு நடுவே போடப்படும் மிகக் குறுகிய கோட்டின் நீளங்களேயன்றி, புதுச்சேரிவாசி ஒருவர் உண்மையில் கடக்க வேண்டிய தூரங்கள் அல்ல.

1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியான கைமாற்றமும் முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பரவி வாழ்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பும் நாளில் மீனம்பாக்கம் போக வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நிற்கும். வடகமும் ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் அடுக்கிய பெட்டியைத் தராசில் நிறுத்து, 23 கிலோவைத் தாண்டியதென்றால் ஒரு பொட்டலத்தை மனமில்லாமல் வெளியே எடுத்து வைப்பார்கள். பாரிஸ் வரையிலான 8,000 கிலோமீட்டரை ஆசனத்தில் அமர்ந்தபடி கடக்கப்போகும் வயோதிகர்கள், அதற்கு முன்பாக 150 கிலோமீட்டர் சாலைப் பிரயாணத்தில் களைத்துப்போவதைக் காண எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கிறது.

லாஸ்பேட்டைக்கு விமானமே வரவில்லை என்பதல்ல. 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குத் தொடங்கிய சேவை ஏறக்குறைய ஓராண்டில் நின்றது. 2015-இல் வந்த அலையன்ஸ் ஏர் சில மாதங்களே நீடித்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உதான் என்னும் பிராந்திய விமானத் திட்டத்தின்கீழ் ஹைதராபாத்துக்குத் தொடங்கிய விமானமும் இடையிடையே நின்று, 2022 மார்ச்சில் மறுபடியும் துவங்கியது. 2024 டிசம்பரில் இன்டிகோ இவ்விரு நகரங்களுக்கும் ஏடிஆர் விமானங்களை விட்டது. இப்படி வருவதும் போவதுமாக இருக்கும் சேவையை நம்பி வியாபாரியோ, ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் நோயாளியோ, இரண்டு மாதத்துக்குப் பிந்திய காரியத்துக்குத் திட்டமிட முடியுமா?

இந்த அவலத்துக்கு ஒரு முக்கிய காரணம் ஓடுபாதை. சுமார் 1,500 மீட்டர் நீளமுள்ள அதில் எழுபது பேரளவில் ஏற்றிச்செல்லும் ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்கள் இறங்கலாமேயொழிய, பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. ஆகையால் டில்லி, மும்பை போன்ற தூர நகரங்களுக்கு நேர்ச்சேவை என்பது வெறும் பேச்சாகவே நிற்கிறது. பாதையை நீட்டுவதற்கு வேண்டிய நிலத்தின் பெரும்பகுதியோ தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே உழுது பிழைக்கிறவர்களின் பூமியை நியாயமான ஈடு கொடுக்காமல் எடுக்கலாகாது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அந்த ஈட்டை நிர்ணயிக்காமல் பேச்சுவார்த்தையை மட்டும் ஆண்டுக்கணக்கில் நீட்டுவது விவசாயிக்கும் நன்மையன்று, பிரயாணிக்கும் நன்மையன்று.

புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் மத்திய அரசின் முன்னிலையில் ஒரே மேஜையில் அமர்ந்து, எவ்வளவு நிலம், என்ன விலை, எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்ற மூன்றையும் எழுத்து மூலமாக ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும்.