பறித்த பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பது யார்?

அன்பிற்குரிய இளைஞனே! கல்லாப் பெட்டிக்கு முன் அமர்ந்து இந்த இதழைப் புரட்டும் வணிகச் சகோதரரே!

மதுவுக்கும் கஞ்சாவுக்கும் எதிராக நாம் மேடை போடாத ஊர் உண்டா? அத்தனை மேடையிலும் போதைக்கு அடிமையானவன் என்றால் ஆண் என்றே பேசினோம். ஒரு தாயும் அதில் விழுவாள், எழுந்து வருவாள், வந்ததும் தன் பிள்ளையைக் கேட்பாள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு பஞ்சாயத்தில்தான். கணவர் வளைகுடாவில். பிரசவத்துக்குப் பிறகு உறக்கமில்லை என்று அந்தப் பெண் தூக்க மாத்திரை போட ஆரம்பித்தாள். டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. ஒன்று நான்கானது, நான்கு எட்டானது. மூன்று வயது மகள் கொதிக்கும் கஞ்சியில் கைவைத்தபோது தாய் சுயநினைவில் இல்லை. ஜமாஅத் கூடியது. பிள்ளை வாப்பாவின் தாயாரிடம், பெண் தாய் வீட்டுக்கு என்று முடிவானது. தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்றவன் நான். பிள்ளையை வளர்க்கும் உரிமையான ஹிளானத் தாய்க்கு இல்லையென்றால் அடுத்து அது தாயின் தாய்க்கே என்பதில் ஹனஃபிக்கும் ஷாஃபிஈக்கும் பேதமில்லை. உமர் (ரலி) அவர்கள் தாம் பிரிந்த மனைவியிடம் வளர்ந்த மகன் ஆஸிமை குபா பள்ளியருகே கண்டு தூக்கிக்கொண்டபோது, பிள்ளையின் தாய்வழிப் பாட்டி தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் போனது. பிள்ளையைப் பாட்டியிடமே விடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு பெரிய மனிதர்! நம் பஞ்சாயத்திலோ, அந்தப் பெண்ணின் தாயார் பள்ளி வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் அரசு மருத்துவமனைக்குப் போனாள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். (சிலர் வீட்டறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். நெடுநாள் தூக்க மாத்திரை போட்டவருக்கு அப்படித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.) பதினொரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். "ஹஜ்ரத், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பிள்ளையைக் கேட்க வந்தேன்" என்றாள். "பார்க்கலாம்மா" என்றார் நிர்வாகி ஒருவர். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்!

தடை நீங்கினால் தடுக்கப்பட்ட உரிமை மீளும் என்பது ஃபிக்ஹின் அரிச்சுவடி. பறிப்பதற்கு மட்டும் ஷரீஅத்தா? திருப்பிக் கொடுக்க இல்லையா?

"மறுபடி விழுந்தால் யார் பொறுப்பு?" என்பீர்கள். நியாயமான கேள்வி. மறுபடி விழுபவர்கள் உண்டு. பிள்ளையின் பாதுகாப்பே முதலில். ஆகவேதான் ஒரே நாளில் தூக்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. லண்டனில் 2008இல், போதையில் சிக்கிய பெற்றோருக்கென்றே ஒரு குடும்ப நீதிமன்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. பதினைந்து நாளுக்கொருமுறை அதே நீதிபதி, வக்கீல்கள் இல்லாமல், பெற்றோரோடு நேரில் பேசுகிறார். சிகிச்சைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் துணை நிற்க ஒரு குழு உண்டு. ஆபத்து என்றால் பிள்ளையைப் பிரித்து வைக்கவும் தயங்குவதில்லை. 2014இல் வெளிவந்த புரூனல் பல்கலைக்கழக ஆய்வில், அந்த வழியில் வந்த தாய்மாரில் நூற்றுக்கு 40 பேர் வழக்கு முடியும்போது போதையை விட்டிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றத்தில் 25 பேர்தான். பதினைந்து நாளுக்கொருமுறை ஒரு தாயோடு உட்கார்ந்து பேச நம் ஜமாஅத்துக்கு என்ன தடை? மாதாமாதம் கடை வாடகைக் கணக்குப் பார்க்கக் கூடுகிறோமே!

போதையிலிருந்து எழுந்த தாய்க்குப் பிள்ளை வளர்ப்பு புதுப் பாடம். பல மாதம் உறக்கம் சரியாக வராது. சட்டென்று எரிச்சல் வரும். பிள்ளையோ கிட்டே வராது, வந்தால் விடாது. குற்ற உணர்வில் மிட்டாயாக வாங்கிக் கொடுப்பாள், கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்க மாட்டாள். அருகில் மூத்த பெண் ஒருவர் இருந்து, முதலில் ஒரு வேளைச் சோறு ஊட்டவும், பிறகு ஓர் இரவு தங்கவும், பிறகு ஒரு வாரம் வைத்துக்கொள்ளவும் பழக்க வேண்டும். பிள்ளையின் காதுபட "மாத்திரைக்காரி" என்று சொல்லும் வாயை உறவினர் அடக்க வேண்டும். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒரு தோழரைச் சபித்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள்.

மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் காசை பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரரே, அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் நம் வீட்டுப் பெண்களுக்கு விற்றதெல்லாம் இருக்கிறதா? இளைஞனே, உன் தெருவில் இப்படியொருவர் இருந்தால் 14446 என்ற அரசின் இலவச உதவி எண்ணை அழைத்து வழி கேள்.

அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும்படியும், என் கையெழுத்தை நான் திரும்பப் பெறுவதாகவும் ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.