டைனோசரும் இல்லை, மீனும் இல்லை... நம்ம காவிரிப் படுகையில் கிடைத்த 'மீன் பல்லி' எது?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் பறந்தது செய்தி. அவை முட்டைகள் இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தோடு தொடர்புள்ள படிவுகள் என்று நிபுணர்கள் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

டைனோசர் என்றதும் ஷேர் பண்ணும் நாம், இதே மண்ணில் நிஜமாகவே கிடைத்த இன்னொரு விலங்கைக் கவனிக்கவே இல்லை. அதன் பெயர் இக்தியோசர். அர்த்தம், 'மீன் பல்லி'.

எங்கே, எப்போது கிடைத்தது?

பெரம்பலூர் மாவட்டம் காரை பகுதியில் செடி கொடி அதிகமில்லாத, மழைநீர் அரித்த செம்மண் மேடுகள் இருக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலின் அடித்தரை. இந்தப் பாறை வரிசைக்கு ஊட்டத்தூர் தொகுதி என்று பெயர். இதில் கிடைத்த சில முதுகெலும்புகளை வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் லிடேக்கர் 1879-ல் 'இக்தியோசரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்.

பார்க்க எப்படி இருக்கும்?

டால்பின் மாதிரி. ஆனால் டால்பின் பாலூட்டி, இது ஊர்வன இனம். வித்தியாசம் வாலில் தெரியும். டால்பினின் வால் துடுப்பு படுக்கைவாட்டில் இருக்கும். இக்தியோசருக்கு மீனைப் போல செங்குத்தாக இருக்கும். சுறாவின் முதுகெலும்பு வாலின் மேல் மடலுக்குள் ஏறும். இதற்கோ கீழ் மடலுக்குள் இறங்கும்.

கை கால்கள் துடுப்புகளாக மாறிவிட்டன. உள்ளே விரல் எலும்புகள் தரைக்குப் பதித்த கற்கள் போல நெருக்கமாக அடுக்கியிருக்கும். கண்ணைச் சுற்றி ஒரு எலும்பு வளையம் உண்டு. சில இனங்களின் கண் 20 செ.மீ.க்கும் அதிக அகலம். செவுள் கிடையாது, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். முட்டையும் இடாது, குட்டி போடும். வயிற்றுக்குள் குட்டியோடு கல்லாகிப்போன தாய்களே அதற்குச் சாட்சி.

அப்போ டைனோசர் இல்லையா?

இல்லை. இரண்டும் ஊர்வன என்றாலும் கிளை வேறு. இக்தியோசர்கள் தரையில் வாழ்ந்த ஊர்வனவிலிருந்து பிரிந்து, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் போனவை. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இவை அதற்கும் முன்பே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் காணாமல் போய்விட்டன. அதனால்தான் காரை முக்கியம். அங்கிருப்பது அந்த இனத்தின் கடைசி அத்தியாயம்.

பெயரில் என்ன சிக்கல்?

இக்தியோசர் முதுகெலும்பு, இரு பக்கமும் குழிந்த வட்டு போல இருக்கும். பல இனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இனத்தைப் பிரித்துச் சொல்ல மண்டை ஓடும் முன் துடுப்பு எலும்பும் வேண்டும். லிடேக்கரிடம் அவை இல்லை. பின்னாளில் இதை 'பிளாட்டிப்டெரிஜியஸ்' பேரினத்துக்கு மாற்றினார்கள். அதுவோ, எதில் சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் போட்டு வைத்த கூடை போல ஆகிவிட்டது. 'இண்டிகஸ்' என்ற பெயரையே சந்தேகப் பெயர் என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

குஜராத்தின் கட்ச் பகுதியில் கதை வேறு. அங்கே லோடாய் கிராமத்தில் கிடைத்த, ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடு பற்றிய ஆய்வு 2017-ல் வெளியானது. சுமார் 5 மீட்டர் நீளம், 15 கோடி ஆண்டு பழசு. எலும்புகள் சேர்ந்தே கிடைத்ததால் 'ஆப்தால்மோசாரிட்' குடும்பம் என்று சொல்ல முடிந்தது.

நமக்கு என்ன?

கூத்தாநல்லூரில் வயலைத் தோண்டினால் வண்டல்தான் வரும். ஆனால் நிலவியல் கணக்கில் அதுவும் காரையும் ஒரே காவிரிப் படுகை. அந்தக் காலத்துப் பாறைகள் டெல்டாவில் வண்டலுக்கு அடியில் வெகு ஆழத்தில் புதைந்திருக்கின்றன. அவை வெளியே தலைகாட்டுவது அரியலூர், பெரம்பலூர் பக்கம்தான்.

அங்கேயும் மழை அரிக்கிறது. அரியலூர் பக்கம் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் 'ஞாபகமா ஒண்ணு' என்று பையில் போட்டுக்கொண்டும் வருகிறார்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத எலும்பு, ஆய்வாளருக்கு முகவரி கிழிந்த கடிதம்.

காரைக்குப் போனால் போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சு வைங்க, கல்லைப் பெயர்க்காதீங்க. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்க. இன்னும் ஒரு முன் துடுப்பு எலும்பு கிடைத்தால்கூட, 1879-ல் தொடங்கிய பெயர்ச் சிக்கலை அவிழ்க்க அது உதவலாம்.