வைக்கப்போருக்கு ஒப்பாரி வைப்பவர்களுக்கு

அன்பு மாணவர்களே, உறவினர்களே,

பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த வருஷமும் அந்தப் படம் தவறாமல் வந்தது. கூரை உயரத்துக்கு ஒரு வைக்கப்போர், பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி, பின்னால் மாலை வெயில். கீழே, "இதையெல்லாம் இயந்திரம் தின்றுவிட்டது" என்று ஒரு வரி. பதினோரு பேர் எனக்கு அனுப்பினீர்கள், எண்ணிப் பார்த்தேன். பதினோரு பேரில் ஒருவர்கூட ஒரு நாள் போர் போட்டவர் இல்லை. நாலு பேர் போர்மேல் ஏறிச் சறுக்கி என் அப்பாவிடம் அடி வாங்கியவர்கள். அந்த அனுபவம்தான் இப்போது கிராமத்து வாழ்க்கை என்ற பெயரில் சுற்றுகிறது.

நான் போர் போட்டிருக்கிறேன். ஆசிரியர் வேலைக்குப் போன பிறகும் சம்பா அறுப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்து போட்டிருக்கிறேன். சுணை கழுத்தில் ஏறினால் கிணற்றில் குளித்தாலும் இரவெல்லாம் அரிக்கும். கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கழுத்து வலியைப் பற்றி யாரும் படம் போட்டதில்லை. ஆகவே வைக்கோல் கட்டும் இயந்திரத்தை என் முன்னால் யாரும் திட்ட வேண்டாம். அது வந்ததால்தான் நம் பக்கம் வைக்கோலே மிஞ்சியிருக்கிறது.

மறந்திருப்பீர்கள், சொல்கிறேன். முதலில் வந்தது அறுவடை இயந்திரம். அது நெல்லைப் பிரித்துக்கொண்டு வைக்கோலை வயலில் நீள வரிசையாகத் தள்ளிவிட்டுப் போகும். ஈர வயலில் பெல்ட் வண்டி திரும்பினால் பாதி வைக்கோல் சேற்றில் அமுங்கிவிடும். மீதியை அள்ள ஆள் கிடையாது. அந்த இடைக்காலத்தில் நம் ஊரிலேயே கொளுத்தினார்கள். டெல்லிப் புகைக்கு பஞ்சாப்காரனைத் திட்டும் சொந்தக்காரர் ஒருவரின் வயலிலும் அந்தக் கரியை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், இதைப் படிப்பார்.

பிறகுதான் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இந்த உருளைக்கட்டு இயந்திரம் வந்தது. முன்னால் உள்ள கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளறையில் உருளைகள் அதைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டும். அறை நிறைந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த, கயிறு சுற்றிக்கொள்ளும். பின்கதவு திறந்து கட்டு கீழே விழும். ஒரு கட்டு பதினைந்து, இருபது கிலோ வரும். ஒரு பொம்பளை தனியாளாகத் தூக்கி சைக்கிளில் வைக்கலாம். நல்ல கண்டுபிடிப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சண்டை அந்தக் கயிற்றோடுதான்.

போர் போட்ட காலத்தில் கட்டு கட்டியது எதனால்? பிரியால். வைக்கோலையே முறுக்கி, வைக்கோலையே கட்டினோம். மாடு கட்டையும் தின்னும், கட்டிய கயிற்றையும் தின்னும். இன்று பல வண்டிகளில் ஓடுவது நீலத்திலும் ஆரஞ்சிலும் வரும் பிளாஸ்டிக் நூல். சணலைவிட மலிவு, அறுந்து தொல்லை தராது. சரி. ஆனால் இருட்டில் தொழுவத்தில் கட்டைப் பிரிக்கிறவர் என்ன செய்கிறார்? அரிவாளால் ஒரு வெட்டு, அப்படியே மாட்டின் முன்னால் ஒரு தள்ளு. மாடு நாக்கால் வளைத்து இழுத்துத் தின்கிற பிராணி. ஆடு மாதிரி உதட்டால் பொறுக்கித் தின்னத் தெரியாது. நூலும் உள்ளே போகும். உள்ளே போனது செரிக்காது, வெளியேயும் வராது. பந்தாகச் சுருண்டு வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

போன கோடையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு விதவைப் பெண்ணின் பசு அசை போடுவதை நிறுத்தியது. நாலாம் நாள் விழுந்தது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது நானும் நின்றேன். உள்ளே கேரி பேக்கும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிணைத்து உருண்டையாக்கியிருந்தது நீல நூல். காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றி மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. இப்போது ஈசிஆர் பக்கம் ஒரு விடுதியில் அறை துடைக்கப் போகிறார். அந்த விடுதி வாசலில் பொங்கலுக்கு நாலு வைக்கோல் கட்டை அடுக்கி, விருந்தாளிகளை உட்காரவைத்துப் படம் எடுத்தார்களாம். அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், இயந்திரம் என்றால் இதெல்லாம் சகஜம்" என்று கட்டு வண்டி வைத்திருக்கும் ஒரு பழைய மாணவன் சொன்னான். வகுப்பில் கவனிக்காதவன் வேலையிலும் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தம்பி, உன் தொழிலின் கதையையே கேள். 1870களில் அமெரிக்காவில் கதிர்க்கட்டும் இயந்திரங்கள் இரும்புக் கம்பியால் கட்டின. துண்டுக் கம்பி வைக்கோலோடு போய் மாடுகளின் வயிற்றைக் கிழித்தது. விவசாயிகள் கத்தினார்கள். விஸ்கான்சினில் ஜான் ஆப்பிள்பி என்பவர் கயிற்றைத் தானாக முடிச்சுப் போடுகிற கருவியைச் செய்து 1878-ல் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச வருஷத்தில் கம்பி ஒழிந்தது. பிறகு வைக்கோலைச் சதுரமாகக் கட்டும் இயந்திரங்களிலும் அந்த முடிச்சுக் கருவியின் வாரிசுகள்தான் வேலை செய்தன. மாட்டுக்கு ஆகாது என்று இயந்திரத்தையே மாற்றியிருக்கிறார்கள். 150 வருஷம் கழித்து நீ இயந்திரத்தைக்கூட மாற்ற வேண்டாம். உள்ளே மாட்டுகிற உருண்டையை மாற்று. சணல் போட்டால் கட்டுக்கு ஓரிரு ரூபாய் கூடும் என்று நீயே கணக்குச் சொன்னாய். ஒரு பசுவின் விலைக்கு எத்தனை கட்டு என்று வகுத்துப் பார்.

ஈரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வயலுக்கு ஓட வேண்டும் என்ற அவசரத்தில் பனி காயாத காலையிலேயே கட்டுகிறார்கள். உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது. கையில் எடுத்து முறுக்கினால் மளுக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். போர் போட்டவர்களுக்கு இது தெரியும். போரின் தலையைக் குவித்து, தாள்கள் வெளிப்பக்கம் சரிகிற மாதிரி வேய்வார்கள். மழை கூரையில் வழிவதுபோல வழிந்துவிடும். உருளைக் கட்டுகளை வெட்டவெளியில் அடுக்கினால் தண்ணீர் நேராக நடுவுக்குள் இறங்கும். போரை நினைத்து உருகுகிறவர்கள் இந்த வேய்கிற வித்தையை நினைவு வைத்திருந்தால் கொஞ்சம் மரியாதை தருவேன்.

இனிச் சொல்லப்போவது உறவினர்களுக்குக் கசக்கும்.

வைக்கோல் முன்பு யாருக்குச் சொந்தம்? நிலத்துக்காரருக்கு என்பீர்கள். பாதி உண்மை. அறுத்தவர்களும் அடித்தவர்களும் களத்திலிருந்து ஒரு சுமை கொண்டுபோவார்கள். அதை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நிலமில்லாத வீட்டில் ஒரு பசு நின்றது அந்தச் சுமையால். இப்போது இயந்திரம் கட்டியதும் வைக்கோலுக்கு எண்ணிக்கை வந்துவிட்டது. எங்கள் ஒரு ஏக்கரில் போன நவரைக்கு 62 கட்டு. எண்ணிக்கை வந்ததும் விலை வந்தது, விலை வந்ததும் வயல் ஓரத்திலேயே வியாபாரியின் லாரி வந்தது. ஒரு துரும்பு மிச்சமில்லை. அறுக்கவும் ஆள் வேண்டாம் என்பதால், "எனக்கு ஒரு சுமை" என்று கேட்கிற உரிமையும் போயிற்று. நாலு கட்டு கேட்டு வந்தவர்களிடம் கடைசி விலை சொன்ன ஆட்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று "கோமாதா" என்று நிலைத்தகவல் வைத்ததும் அவர்களே. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கன்றை நக்கிக்கொண்டு பால் கறக்க விட்டு நிற்கிறதே ஒரு பசு, அதன் முன்னால் நின்று குடும்பத்தோடு எடுத்த படமும் வந்தது. பசுமேல் உள்ள பாசம் கல்லில் இருக்கிறவரைக்கும்தான் போல.

இயந்திரம் இதைச் செய்யவில்லை. பற்சக்கரத்துக்குக் கஞ்சத்தனம் தெரியாது. வயல் மூலைகளில் வண்டி திரும்ப முடியாமல் விட்டுப்போகிற வைக்கோல் இருக்கிறதே, அதையாவது அள்ளிக்கொள்ளச் சொல்லலாம். அதையும் தராமல் கொளுத்துகிறீர்கள். வைக்கப்போர் நாய் என்ற பழமொழியை நான் எட்டாம் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தீர்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் "நாங்கள் என்ன செய்ய முடியும் சார்" என்று கேட்கலாம். உங்கள் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள் அல்லவா? குத்தகைக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். சணல் கயிறு இல்லாத வண்டி வயலில் இறங்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஏக்கருக்கு ஐந்து கட்டு மாடு வைத்திருக்கும் நிலமில்லாத வீட்டுக்கு, அதற்கான பணத்தைக் குத்தகையில் கழித்துக்கொள் என்றும் சொல்லுங்கள். படம் அனுப்புகிற நேரம்தான் ஆகும்.

இன்னும் பத்து நாளில் எங்கள் சம்பா அறுப்பு. கட்டு வண்டிக்கு அந்தப் பழைய மாணவனிடமே சொல்லியிருக்கிறேன். சணல் உருண்டையை நானே செங்கல்பட்டில் வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன். வெயில் ஏறி, பனி காய்ந்து, நான் ஒரு பிடியை முறுக்கிப் பார்த்த பிறகுதான் வண்டி இறங்கும். முணுமுணுத்தான், ஒப்புக்கொண்டான். வர முடிந்தவர்கள் வாருங்கள். தெருக்கோடி அம்மா மறுபடி ஒரு கிடாரி வாங்கப் போகிறார். பத்துக் கட்டை அவர் வீட்டுக்கு ஏற்ற ஆள் வேண்டும்.