கல்லில் ஒட்டியிருக்கும் முதல்

கொழும்பில் மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் இறால் வடை விற்கும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். கேரளத்துக்குப் போன இடத்தில் தலச்சேரியில் அரிக்கடுக்கா சாப்பிட்டாராம். "நானா, இங்கயும் போட்டா நல்லா ஓடும். திருகோணமலையில இருந்து மட்டி மலிவா எடுக்கலாம்" என்றார். ஓடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 'மலிவாக' என்ற சொல்லில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலபாரில் கல்லுமக்காய் என்றும் கடுக்கா என்றும் அழைக்கப்படுவது கடற்பாறைகளில் ஒட்டி வளரும் பச்சை ஓட்டு மட்டி. ஊறவைத்த புழுங்கல் அரிசியைத் தேங்காய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம் சேர்த்து அரைத்து, பிளந்த ஓட்டுக்குள் அடைப்பார்கள். ஆவியில் அவித்து, ஓட்டைக் கழற்றி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் கரைத்த கலவையில் பிரட்டிப் பொரித்தால் அரிக்கடுக்கா. தலச்சேரி, கண்ணூர், கோழிக்கோடு பக்கத் தேத்தண்ணீர்க் கடைகளில் அஸருக்குப் பிறகு இதைத்தான் கேட்பார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்களின் வீட்டுப் பலகாரம் இப்படிக் கடைக்கு வந்துவிட்டது.

அவர்களும் நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபினர். பொன்னானி செய்னுத்தீன் மக்தூம் எழுதிய பத்ஹுல் முஈன்தான் நமது மத்ரஸாக்களிலும் ஓதப்படுகிறது. எனவே மட்டி கூடுமா என்ற கேள்வி நமக்கில்லை. ஆனால் ஹனபி மத்ஹபினருக்கு மீன் தவிர்ந்த கடலுயிர் ஆகாது. பெயர்ப்பலகையில் மட்டி என்று தெளிவாக எழுதிவிடுவது நேர்மை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கடுக்காவுக்குள் இருக்கும் சதை கொஞ்சம்தான். அதற்கு விலை தேடித் தருவது அரிசியும் தேங்காயும் கைவேலையும். இலாபம் அடுப்படியில் பிறக்கிறது. அப்படியிருக்க, பாறையில் உயிரைப் பணயம் வைத்து மட்டி பெயர்ப்பவனிடம் ஏன் பேரம் பேச வேண்டும்? விலையைக் குறைத்தால் அவன் கூடுதலாகப் பெயர்ப்பான். பெரியது தீர்ந்தால் சிறியதைப் பெயர்ப்பான்.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன். ஒரு காலத்தில் புத்தளம் பக்கம் கடலட்டை வாங்கி விற்றேன். சிறிதையும் பெரிதையும் ஒரே நிறுவையில் எடுத்தேன். முதல் இரண்டு வருடம் நல்ல வியாபாரம். பிறகு சுழியோடிகள் மேலும் மேலும் ஆழத்துக்குப் போனார்கள், சாக்குகள் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியில் கொட்டிலைப் பூட்டிவிட்டு வந்தேன். கடலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மலபாரில் ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிப்பு. மட்டி முட்டையிடுவதும் அந்த மழையோடுதான். அதன் பிறகு குஞ்சுகள் பாறையில் ஒட்டும். அவற்றைச் சுரண்டி எடுத்தால் அடுத்த வருடச் சரக்கு போய்விட்டது. பண்ணை இருக்கிறதே என்பார்கள். உண்மை, காசர்கோடு மாவட்டத்தில் படன்ன, செறுவத்தூர் உப்பங்கழிகளில் 1990களிலிருந்து பெண்கள் குழுக்கள் இதை வளர்க்கின்றன. கயிற்றில் குஞ்சுகளை வைத்துப் பருத்தித் துணியால் சுற்றி, மூங்கில் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். துணி உக்குவதற்குள் குஞ்சு கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு மாதத்தில் அறுவடை. ஆனால் அந்தக் குஞ்சுகளையும் பெரும்பாலும் பாறையிலிருந்துதான் கொண்டுவருகிறார்கள். பாறை வெறுமையானால் பண்ணையும் வெறுமைதான்.

இன்னொன்று. மட்டி தண்ணீரை வடித்து உண்ணும் உயிர். கழிவுநீர் விழும் இடத்தில் எடுத்தால் அந்த அழுக்கு அதற்குள்ளேயே இருக்கும், ஓட்டை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. சுத்தமான உப்புநீரில் விட்டு வைத்துத்தான் சமைக்க வேண்டும். நாலு பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் அவருடைய இறால் வடையையும் எவரும் தொடமாட்டார்கள்.

சகோதரரிடம் சொன்னேன்: நிறுத்து வாங்காதீர்கள், அளவு பார்த்து எண்ணி வாங்குங்கள். சிறியதற்குக் காசில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரியதற்கு அவன் கேட்பதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கிழக்குக் கடலின் பருவம் வேறு, எந்த மாதங்களில் எடுக்கக் கூடாது என்பதை அங்குள்ள சுழியோடிகளிடமே கேளுங்கள். அந்த மாதங்களில் இறால் வடை போதும்.

"அப்ப ஒரு தட்டுக்கு விலை கூடுமே, நானா?"

கூடும் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.