காட்டில் எதைத் தின்னலாம்?

2023 மே முதல் நாள் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் அமேசான் காட்டுக்குள் ஒரு சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த பெரியவர்கள் மூவரும் மாண்டனர். குழந்தைகள் நால்வர் பிழைத்தனர். மூத்த பெண்ணுக்கு வயது 13. கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. நாற்பது நாட்கள் கழித்து, ஜூன் 9 அன்று, அந்நாட்டு இராணுவத்தினரும் பழங்குடித் தொண்டர்களும் அவர்களை உயிரோடு கண்டெடுத்தனர். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை முதலில் தின்றார்கள். அது தீர்ந்தபின் காட்டுப் பழங்களும் விதைகளும் அவர்களைக் காப்பாற்றின. அவர்கள் உய்தோத்தோ என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். எது தின்னத் தகுந்தது என்பதை அந்தப் பெண் வீட்டுப் பெரியவர்களிடம் கற்றிருந்தாள்.

இச்செய்தி வந்த நாள் முதல் என் மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், காட்டில் அகப்பட்டுக்கொண்டால் எதைத் தின்னலாம்? அதற்கு நல்ல புத்தகம் உண்டா?" இயற்பியல் நடத்துகிறவனுக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணாதீர்கள். இக்கேள்விக்கு முதல் விடை இயற்பியலில்தான் இருக்கிறது.

ஒருவர் உடலில் 5 கிலோ கொழுப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒல்லியானவர்களிடமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். உடற்கொழுப்பு ஒரு கிலோ சுமார் 7,700 கிலோகலோரி ஆற்றல் தரும். ஐந்து கிலோவுக்கு 38,500. நாளொன்றுக்கு 2,000 செலவானால் இந்தச் சேமிப்பு 19 நாளைக்கு வரும். உண்மையில் உடல் இவ்வளவு நேராகக் கணக்குப் பார்ப்பதில்லை. தசையும் கரையும், சோர்வும் வரும். ஆனாலும் பசி கொல்ல வாரக்கணக்கில் ஆகும் என்பது விளங்குகிறதல்லவா? தாகமோ மூன்று நான்கு நாட்களில் கொன்றுவிடும். குளிர் இன்னும் விரைவானது. நனைந்த சட்டையில் கால் லிட்டர் தண்ணீர் இருந்தால், அது உடம்பிலேயே காய்வதற்குச் சுமார் 600 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மலைக்காற்றில் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி உங்கள் உடலிலிருந்தே போகிறது. ஆகவே ஒதுங்க இடம், உலர்ந்த உடை, தண்ணீர், இருந்த இடத்தைவிட்டு அலையாமை, இவையே முதற்பாடம். இவற்றைப் புத்தகத்திலும் சாரணர் முகாமிலும் கற்கலாம், கற்கவும் வேண்டும்.

உணவு விஷயத்தில்தான் நான் புத்தகத்தை நம்ப மறுக்கிறேன். 'உயிர் பிழைக்கும் கலை' பற்றிய நூல்களில் ஒரு சோதனை முறை சொல்லியிருப்பார்கள். தெரியாத செடியை முதலில் தோலில் தேய்த்துப் பார், பிறகு உதட்டில் வை, பிறகு சிறிது மென்று பார், சில மணி நேரம் ஒன்றும் ஆகாவிட்டால் தின்னலாம் என்பார்கள். கேட்பதற்கு விஞ்ஞான முறை போலவே இருக்கிறது. ஆனால் சில மணி நேரத்தில் வெளிப்படும் நஞ்சை மட்டுமே அது காட்டும். மெல்லக் கொல்லும் நஞ்சை என்ன செய்வது?

இதற்குச் சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1860-இல் மெல்போர்னிலிருந்து பர்க், வில்ஸ் ஆகியோரின் தலைமையில் ஒரு குழு அக்கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் புறப்பட்டது. வடகடலோரம் வரை போய்த் திரும்பியவர்களில் மூவர் 1861 ஏப்ரல் 21 மாலை கூப்பர் கிரீக் என்னும் ஓடைக்கரை முகாமை அடைந்தார்கள். அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார்கள்! உணவு தீர்ந்தது. அப்பகுதியின் யந்த்ருவந்தா மக்கள் மீனும், நார்டூ என்னும் செடியின் காயிலிருந்து செய்த ரொட்டியும் கொடுத்து உதவினர். அந்தச் செடியை அடையாளம் கண்டுகொண்ட மூவரும் தாங்களே காய்களைப் பொறுக்கி, அரைத்து, கஞ்சி காய்ச்சி வயிறு நிறையக் குடித்தனர். நாளுக்கு நாள் கால்கள் தள்ளாடின. நார்டூ தனக்குப் பிடித்திருந்தும் உடலில் வலு ஏறவில்லை என்று வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில வாரங்களில் பர்க்கும் வில்ஸும் இறந்தனர்.

அந்தக் காயில் தயாமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது தயாமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கிறது. அந்த வைட்டமின் இல்லாவிட்டால் பெரிபெரி நோய் வரும். அவ்விருவரின் சாவில் இதற்கும் பங்கு உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. யந்த்ருவந்தா பெண்கள் காயை முதலில் சூட்டில் வறுப்பார்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். வெப்பமும் நீரும் அந்த நொதியின் வேகத்தை அடக்கின. வெள்ளையர் செடியைக் கற்றுக்கொண்டார்கள், சமையலைக் கற்கவில்லை. ஒருமுறை பர்க் துப்பாக்கியை வெடித்து அந்த மக்களை மிரட்டவும் செய்தார். மூன்றாமவரான கிங் மட்டும் அவர்களோடு போய்ச் சேர்ந்து வாழ்ந்தார். செப்டம்பரில் தேடிவந்தவர்கள் அவரை உயிருடன் கண்டனர்.

புத்தகத்துச் சோதனையில் நார்டூ நூற்றுக்கு நூறு வாங்கித் தேறியிருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இந்த நார்டூ நமக்கு அந்நியமானதன்று. நம் வயல் ஓரங்களில் நான்கு இலைக் குடை விரித்து நிற்கும் ஆரைக்கீரையின் ஒன்றுவிட்ட உறவு அது; இரண்டும் மார்சீலியா என்னும் ஒரே பேரினம். கொலம்பியக் குழந்தைகள் தின்ற மரவள்ளியோ நமக்கும் உணவு. அதன் கசப்பு வகைகளில் சயனைடு தரும் பொருள் மிகுதி. துருவி, ஊறவைத்து, பிழிந்து, வறுத்த பிறகுதான் அது மாவாகிறது. நம் மலைகளிலும் சில காட்டுவள்ளிக் கிழங்குகளைச் சீவி ஓடும் நீரில் நாட்கணக்கில் போட்டுவைத்த பிறகே சமைப்பார்கள். அதே புதரில் செங்காந்தளும் கொடியோடும். அதுதான் நம் மாநில மலர், கண்வலிக்கிழங்கு. அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று மாண்டவர்கள் உண்டு. எவ்வளவு வேகவைத்தாலும் அதிலுள்ள கால்ச்சிசின் அழிவதில்லை. பறவை தின்றால் நாமும் தின்னலாம் என்பார்களே, அதுவும் பொய். எட்டிப் பழத்தின் சதையைச் சில பறவைகளும் குரங்குகளும் தின்கின்றன. உள்ளே இருக்கும் விதையில் ஸ்ட்ரிக்னின்!

ஆகவே காட்டுணவு அறிவு என்பது செடியின் படத்தையும் பெயரையும் மனப்பாடம் செய்வதன்று. எந்தப் பகுதி, எந்தப் பருவம், எந்தச் செய்முறை என்பது வரை தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்த சோதனையின் முடிவு அது. சோதனைக்கூடம் இல்லை என்பதற்காக அதை அறிவியல் இல்லை என்று தள்ளுவது சரியாகாது. மலைக்கிராமத்துப் பையன் ஒருவனுக்குப் பத்துக் கிழங்கு வகை தெரிந்திருக்கும்; அதற்கு நம் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. விடுதிப் பள்ளிக்கு வந்த பின் பாட்டியோடு காட்டுக்குப் போக அவனுக்கு நேரமும் இல்லை. அறிவியல் பாடத்தின் செய்முறை மதிப்பெண்களில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதில் என்ன தடை?

நீங்கள் இதற்காகக் காட்டுக்கு ஓட வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எதையும் பறிப்பது குற்றம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அங்கேயே வாழும் மக்களுக்கு அளித்த உரிமை, சுற்றுலா போகும் நமக்கு இல்லை. வரப்பிலேயே தொடங்கலாம். களை எடுக்கும் ஆச்சி ஒருவர் பின்னால் ஒரு காலைப்பொழுது நடந்து பாருங்கள். பண்ணைக்கீரை, தொய்யல், மணத்தக்காளி, முடக்கத்தான், பிரண்டை என்று மடி நிறையும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரோடு நிறுத்திவிடாமல், எந்த மாதம் பறிக்கிறார், எதைக் கிள்ளி எறிகிறார், எப்படிச் சமைக்கிறார், யார் தின்னக்கூடாது என்கிறார் என்பதையெல்லாம் எழுதுங்கள். அவர் சமைத்துத் தராத எதையும் வாயில் வைக்காதீர்கள். பிரண்டையை எண்ணெயில் வதக்கி ஏன் புளி சேர்க்கிறார் என்று கேளுங்கள். "நாக்கு அரிக்கும்" என்பார். அரிப்பது கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பின் ஊசிப் படிகங்கள். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் தண்டைக் கீறி ஒரு துளிச் சாற்றை அதில் வைத்துப் பாருங்கள். கையில் சாறு படாமல் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.